மூன்றாவது தண்ணீர்

உலகத்தில் இரண்டு வகைத் தண்ணீர்தான் உண்டு. ஒன்று ரேடியேட்டருக்குள் இருப்பது. மற்றது ரேடியேட்டரிலிருந்து ஒழுகுவது. மூன்றாவது வகையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவிலிருந்து திரும்பும் வழியில், நின்றுபோன தன் பழைய வேனின் மூடியைத் திறந்து, ஆவிக்கு நடுவில் நின்றபடி ஆர்தர் இதை அறிவித்தார்.

வேனுக்குள் இருந்த பெண்கள் ஆளுக்கொரு சிறு போத்தலில் நோய் தீர்க்கும் கோயில் ஊற்றுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆர்தரின் அடுத்த வீட்டு மார்த்தா மட்டும் பெரிய சீனச் சாடி ஒன்றைக் கைப்பிள்ளைபோல் அணைத்திருந்தாள்.

“உனக்கு எதுக்கு லா இவ்ளோ? நீயும் ஒன் புருசனும் எருமை மாதிரிதானே இருக்கீங்க?”

“வேணும் அண்ணே,” என்றாள் மார்த்தா. பிறகு, அவர் மகள் ஆலிஸுக்கு இன்னும் கொதிக்கவைத்த தண்ணீர்தானா என்று கேட்டாள்.

ஆர்தருக்கு அது பெருமைக்குரிய விஷயம். டைபாய்டில் கிடந்த மகளை மீட்டது டாக்டரும் தானும்தான் என்பது அவர் கட்சி. பிள்ளையின் குடல் இன்னும் ஆறவில்லை, பச்சைத் தண்ணீர் போனால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவரே கொதிக்கவைத்து, அவரே துணியில் வடிகட்டிக் கொடுக்கிறார்.

“முழந்தாள் போட்டுத் தண்ணி புடிச்சா நோய் போயிடுமா? அப்ப ஆஸ்பத்திரி எதுக்கு, ஒரு பம்பு போதுமே.”

பெண்கள் ஜெபமாலை சொல்ல மர நிழலுக்குப் போனார்கள். சாடி கனமாக இருந்ததால் மார்த்தா அதை இருக்கையிலேயே விட்டுப் போனாள்.

ஆர்தர் வேலையில் இறங்கினார். ரப்பர் ஹோஸை அமுக்கிப் பார்த்தார், காய்ந்திருந்தது. பம்பைத் தடவினார், ஈரமில்லை. ரேடியேட்டரின் கீழ் மூலையில் பச்சையாகப் பூத்திருந்த கறையைச் சுரண்டியதும் ஊசிமுனை ஓட்டை ஒன்று அகப்பட்டது. சவுக்காரத்தையும் கயிற்று நாரையும் பிசைந்து அடைத்தார். இனி தண்ணீர்தான் வேண்டும்.

சாலையோரத்தில் வாய்க்கால் ஓடியது. அதில் எருமைகள் படுத்திருந்தன. ஆர்தர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். இந்தச் சேற்றை ஊற்றினால் ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளாதா? வயதான எஞ்சின், பொத்திப் பாதுகாக்க வேண்டியது.

சாடியில் இருந்ததோ தெளிந்த மலைத் தண்ணீர். ரேடியேட்டர் அதை மறுக்காமல் குடித்தது. எருமைகளுக்கு எருமைத் தண்ணீர் போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சாடியை வாய்க்காலில் முக்கி நிரப்பி, நன்றாகத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

முன்னாலிருந்த கைப்பிடியைச் சுழற்றியதும் வேன் கிளம்பியது. கடல் கடக்கும் ஃபெரியில் ஏறி இறங்கும்வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்னம்மாள்தான் காப்பாற்றினாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அன்னம்மாள் இல்லை, சவுக்காரம் என்று ஆர்தர் திருத்தினார்.

மார்த்தாவை முதலில் இறக்கிவிட்டு, மற்றவர்களையும் அவரவர் வீட்டில் சேர்த்துவிட்டு அவர் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் வேனை நிறுத்தி உள்ளே போனார்.

ஆலிஸின் கட்டிலடியில் அந்தச் சீனச் சாடி இருந்தது. மூடி திறந்திருந்தது.

ஐரீன் எழுந்து வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாம நான்தான் மார்த்தாகிட்ட கொண்டாரச் சொன்னேன். மலைத் தண்ணி இல்லையா, அதான் கொஞ்சம் மண்ணு வாசம். ஆனா புள்ள ஒரு கோப்பை முழுக்கக் குடிச்சிட்டா.”

ஆர்தர் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேனுக்கு முன்னால் முழந்தாளிட்டார். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து, துருவும் எண்ணெயுமாக வந்ததை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கோப்பையில் ஏந்தினார்.

ஐரீன் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க, மறுபடியும் ஒழுகுதா?”

“இல்ல. நீயும் வந்து முழந்தாள் போடு.”