வாய் திறக்காத வலப்பக்கத்தான்

ஒரு காரின் பின்பக்க பம்பரில் இரண்டு பார்க்கிங் சென்சார்கள் குடியிருந்தார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பூனையோ பூந்தொட்டியோ எது வந்தாலும் இடப்பக்கத்தான் "பீப் பீப்" என்று கத்திவிடுவான். வலப்பக்கத்தான் வாயே திறக்கமாட்டான்.

"அது எவ்வளவு சமத்து! இதுதான் கத்திக் கத்தி உயிரை வாங்குது" என்பார் கார்க்காரர்.

ஒருநாள் காரின் வலப்பக்கம் சுவரில் இடித்தது. அதற்கும் திட்டு இடப்பக்கத்தானுக்குத்தான். "இந்தக் கத்துறதைக் கழற்றிடும்மா" என்று மெக்கானிக் எஸ்தரிடம் காரை விட்டார்.

எஸ்தர் ரிவர்ஸ் கியர் போடச் சொல்லி, இருவர்மேலும் விரல் வைத்துப் பார்த்தாள். "இது நல்லாத் துடிக்குதே சார். அதுதான் பேச்சு மூச்சில்லாம கிடக்கு."

வலப்பக்கத்தானின் வயர் முனையில் தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டி, துடைத்து, திரும்ப மாட்டினாள்.

மாட்டியதுதான் தாமதம், வலப்பக்கத்தான் பொரிந்து தள்ளினான். "சுவரு, சுவருன்னு தொண்டை கிழியக் கத்தினேனே! ஒருத்தர் காதிலயும் விழலையாடா?"

இடப்பக்கத்தானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்குள் கார் பின்னால் நகர, வழியில் ஒரு பசு வந்து நின்றது. இருவரும் சேர்ந்து போட்ட கூச்சலில் கார்க்காரர் மறுபேச்சில்லாமல் பிரேக்கை மிதித்தார்.