நான்கு விரல் குறைவு

எதையும் இரண்டு முறை அளக்காமல் வாங்குவதில்லை என்பது அந்த வரைபடக்காரரின் நெடுநாள் வழக்கம். திரைச்சீலைக் கம்பியானாலும் செருப்பானாலும், அவருடைய சட்டைப் பையிலிருந்து முதலில் வெளியே வருவது அளவு நாடாதான். பிறர் கட்டப்போகும் வீடுகளை அங்குலம் பிசகாமல் தாளில் வரைந்து பிழைப்பவர் வேறு எப்படி இருப்பார்?

அப்பேர்ப்பட்டவர் இன்று காலை நிலைக்கண்ணாடி முன் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார். குழந்தையை நெஞ்சோடு சுமக்கத் தோளில் மாட்டிய பேபி கேரியரின் இடுப்புப் பட்டை, வயிற்றைச் சுற்றி வந்து, பக்கிளுக்கு நான்கு விரல் முன்னால் நின்றுவிட்டது. இரண்டு வாரமாக அதே நான்கு விரல்.

அதைத் தேர்ந்தெடுக்க அவரும் மனைவியும் பட்ட பாடு கொஞ்சமல்ல. இருவருமே தாராளமான உடல்வாகு கொண்டவர்கள். கடையில் முதலில் மாட்டிப் பார்த்ததன் வார்கள் தோளை அறுத்தன. அடுத்ததில், சோதனைக்கு வைத்த பொம்மை வயிற்று மேட்டில் நிற்காமல் அக்குள் பக்கம் சரிந்தது. "மேடம் தூக்கிக்கிட்டா போதும்ல சார்?" என்று கேட்ட விற்பனைப் பெண், மேடத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

கடைசியில் அகலமான தோள்பட்டைகளும் முதுகில் குறுக்காகச் செல்லும் வார்களும் கொண்ட ஒன்றைத் தபாலில் வரவழைத்தார்கள். ஐம்பத்துநான்கு அங்குல இடுப்புவரை எட்டும் என்று அந்த நிறுவனம் உறுதி சொல்லியிருந்தது. அவருடைய இடுப்பு ஐம்பது. இரண்டு முறை அளந்தது.

பார்சல் வந்த நேரத்தில் தம்பதியர் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார்கள். மகளுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த மாமனாரே அதைப் பிரித்தார். கேரியரை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியையும் தாள்களையும் கையோடு குப்பைக்கு அனுப்பினார். வீடு சுத்தமாக இருக்கவேண்டும் அவருக்கு.

வந்த பட்டையை எவ்வளவு தளர்த்தினாலும் நாற்பத்தேழு அங்குலம்தான் இருந்தது. வரைபடக்காரர் நிறுவனத்துக்கு எழுதினார். "எல்லாவற்றையும் இணைத்து, மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. தலைமையாசிரியரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னதுபோல் அது அவரைச் சுட்டது. தம் நாடாவின் மீதே ஐயம் கொண்டு, அதை மர அளவுகோலின் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். நாடாவில் பிழை இல்லை. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கலாம். ஆனால் ஒரு மாதம் ஆகுமாம்.

மாமனாருக்கோ இதில் மர்மமே இல்லை.

"பட்டை மேல ஏன் மாப்பிள்ளை பழி போடுறீங்க? என்னைப் பாருங்க," என்று தொளதொள சட்டையின் முன்பக்கத்தை மட்டும் தூக்கி, நடைப்பயிற்சிக்குக் கட்டும் இடுப்புப் பையைக் காட்டினார். "அஞ்சு வருஷமா பூட்டாத பை. இங்க வந்து நடக்க ஆரம்பிச்சேன், இப்ப டக்குனு பூட்டுது."

அந்தப் பெருமையில் அவர் பையை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. மருமகன் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். மாமனார் பின்னால் பூங்காவைச் சுற்றி மூச்சிரைக்க நடந்தார். நாடா ஐம்பதை விட்டு அசைய மறுத்தது.

இன்று விடுப்பு முடிந்து மனைவி வேலைக்குக் கிளம்பினாள். நெஞ்சில் சாய்த்தால் ஒழியக் குழந்தை உறங்காது. இரண்டு கையும் இல்லாமல் வரைபடம் நகராது. அதை நாளை ஒப்படைக்கவேண்டும். வாசலில் நின்றபடி மனைவி, "அப்பா, இன்னிக்காவது அவரைச் சீண்டாம இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் குழந்தை அழத் தொடங்கியது. அவர் இடக்கையால் அதைத் தோளில் அணைத்து, வலக்கையால் கோடு இழுத்தார். பிடிக்க ஆளில்லாத அளவுகோல் நழுவியது. படுக்கையறைச் சுவர் கோணலாய்ச் சமையலறைக்குள் போய் நின்றது. அழித்தார், வரைந்தார், மறுபடி நழுவியது. குழந்தையின் அழுகை உச்சத்துக்கு ஏறியது.

பென்சிலை வீசிவிட்டு எழுந்தார். கேரியரை மீண்டும் மாட்டிக் குழந்தையை உள்ளே வைத்து, ஒரு கையால் தாங்கியபடி மறுகையால் பட்டையை இழுத்துப் பார்த்தார். நான்கு விரல்.

"தப்பு பட்டை மேல இல்லடா குட்டிம்மா," என்றார் தணிந்த குரலில். "உங்க தாத்தா சொல்றதுதான் சரி. உன்னைத் தூக்கக்கூட அப்பா ஒடம்பு லாயக்கில்ல."

மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனாரின் கைகள் தாழ்ந்தன. பிறகு எழுந்து மருமகனின் பின்னால் வந்து நின்றார்.

முதுகுப் பக்கம் 'டக்' என்று ஓர் ஓசை, உடனே இன்னொன்று. இடுப்புப் பை தரையில் தொப்பென்று விழுந்தது.

மாமனாரின் கையில் ஒரு சாண் நீளமுள்ள கறுப்பு வார் இருந்தது. இரு முனையிலும் பக்கிள். நடுவே, கேரியரில் தைத்திருந்த அதே யானைக்குட்டிச் சின்னம். அவர் முழங்காலிட்டு, பட்டையின் இரு முனைகளையும் அந்த வாரோடு தம் கையாலேயே பூட்டினார். இடைவெளி மூடியது. இரண்டு கையும் விடுபட்ட தந்தையின் நெஞ்சில் அழுகை விம்மலாகி, விம்மலும் அடங்கியது.

அவர் வியப்போடு குனிந்து பார்த்தார். மாமனார் தலையை நிமிர்த்தவில்லை.

"என் இடுப்பு ஒரு விரல்கூடக் குறையல, மாப்பிள்ளை."