பாய்கள் அடுக்கிய அறை

கேமராவுக்கு முன்னால் டாக்டர் கையை நீட்டி மடக்கி ஊருக்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சட்டையின் வயிற்றுப் பொத்தான் மட்டும் அதை நம்பவில்லை.

பயிற்சி டீச்சர் சமூகக்கூடத்தின் பின்னறைக் கதவில் சாய்ந்து நின்றாள். யாரும் திறந்துவிடக் கூடாது.

நோயாளிகளை இங்கே பயிற்சிக்கு அனுப்பும் திட்டம் தன் மூளையில்தான் உதித்தது என்றார் டாக்டர். சீட்டில் ஒரு வரி கிறுக்குவதோடு அவர் வேலை முடிந்தது. இந்த ஒரு மணி நேரத்தை அந்தப் பெண்கள் வீட்டில் யார் யாரிடம் கெஞ்சி வாங்கி வருகிறார்கள் என்று கேட்க அவருக்கு ஏது நேரம்?

பெண்கள் சும்மா உட்கார்ந்தே நோயை வாங்கிக்கொள்கிறார்களாம். உடம்பு வளைந்தால் பிரஷர் தானாக இறங்குமாம். இங்கேயே ஒருத்திக்கு இறங்கியிருக்கிறதாம்.

வரிசையில் குனிந்திருந்தவர்கள் நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் சிரிப்பு வெடித்துவிடும்.

பிரஷர் இறங்கிய அந்த அதிசயம், பின்னறையில் பாய்களின் மேல் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் பயிற்சி முடிவில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னதும் தூங்கிப்போனவள். எழுப்பியபோது பதறி எழுந்து மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளைக் குனி, நிமிர் என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. அவள் வந்ததும் டீச்சரே மின்விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவாள்.

டாக்டருக்குத் தெரிந்தால் அந்த ஒரு மணி நேரத் தூக்கமும் பறிபோகும்.

"என்னோட ஸ்டார் பேஷண்ட் எங்கம்மா? கூப்பிடு, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாக டீச்சர் சொன்னாள். சரி, அதுவும் நல்லதுக்குத்தான், சாப்பாடாவது நேரத்துக்கு ரெடியாகும் என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குறட்டை கிளம்பியது. நிதானமாக, யாருக்கும் பயப்படாமல்.

முன்வரிசைப் பெண்ணுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அது பின்வரிசைக்கும் தொற்றியது.

டாக்டர் கதவருகே வந்து காதைச் சாய்த்தார். யாரம்மா இந்தப் போடு போடுவது என்றார். டீச்சர் தாழ்ப்பாளை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

"வாட்ச்மேன் சார். நைட் டூட்டி."

கொடுத்துவைத்தவன் என்று சிரித்தபடி அவர் கேமரா பக்கம் திரும்பினார்.

இருபத்தோரு வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன். ஆனாலும் அவர் தூங்கிய பிறகு படுத்து, அவர் விழிக்கும் முன் எழுந்துவிடும் பொண்டாட்டியின் குறட்டையை அவர் எங்கே கேட்டிருக்கப் போகிறார்?