கல் நடையில் நின்றவர்

"சத்தியமா அந்த நடையில ஒரு காக்கா குருவியும் இல்லை, அன்ரனீற்றா. எல்லாரும் போகுமட்டும் நிண்டுதான் படம் எடுத்தனான்."

டெஸ்மன் படத்தை மேசையில் அவள் பக்கம் தள்ளினான். ஒக்லாந்து நகரின் பாபடோயிட்டோயில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினிக்குள், பகலிலேயே மழை இருட்டு.

போன மாதம் இங்கிலாந்தில் அவனுடைய அக்கா ஒரு பழைய பிரபு மாளிகையைப் பார்க்கக் கூட்டிப்போயிருந்தாள். எண்ணூறு வருடங்களுக்கு முன் அது துறவிகளின் மடம். பிறகு ஒரு ராசா துறவிகளைத் துரத்திவிட்டு மடத்தைத் தன் ஆளுக்குக் கொடுத்துவிட்டான். விருந்து மண்டபமும் சுவர் நிறைய மான் தலைகளும் வந்தன. துறவிகள் செபம் சொல்லிக்கொண்டு நடந்த கல் நடை மட்டும் அப்படியே மிஞ்சியது.

படத்தில் அந்த நடையின் நடுவே ஒருவன் நின்றான். முழங்காலுக்குக் கீழேவரை கறுப்பு அங்கி. அவனுடைய நெஞ்சுக்குள்ளால் பின்சுவரின் கற்கள் தெரிந்தன.

"மடத்துச் சாமியாராக்கும். அவருக்கும் சேத்தோ ரிக்கற் எடுத்தனீங்கள்?" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"முகத்தைப் பாரும்."

அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதே அகன்ற நெற்றி. அதே ஒருபக்கச் சிரிப்பு.

பற்றிக். அவளுடைய புருசன். தொண்ணூறில் மன்னாரில் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தகவலே இல்லை. அடுத்த வருடம் அவள் தனியாக நியூசிலாந்து வந்தாள். ஆறு வருடம் போனபிறகு, அன்றைக்குப் பிறகு புருசனைக் காணவேயில்லை என்று அவள் எழுதிக் கொடுத்த சத்தியக் கடதாசியைப் பார்த்து, பாதரும் இப்போதுதான் சம்மதித்திருந்தார். வரும் ஞாயிறு கோயிலில் அவளுக்கும் டெஸ்மனுக்கும் கலியாண அறிவித்தல்.

"ஆள் எங்கயாவது உயிரோட இருந்தா, எங்கட கலியாணம்?" என்று டெஸ்மன் இழுத்தான்.

"உயிரோட இருக்கிறவருக்குள்ளால கல்லுத் தெரியுமோ?" அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "அவர் செத்திட்டார். எனக்குத் தெரியும்."

படத்தையே வெறித்துக்கொண்டிருந்த டெஸ்மன் திடீரென்று நிமிர்ந்தான்.

"பொறும், பொறும். இது உம்மட்ட இரவல் வாங்கின கமராவில எடுத்ததுதானே? அங்க எனக்குப் பிலிம் முடிஞ்சுபோச்சு. கமராப் பைக்குள்ள ஒரு சுருள் கிடந்தது. அதைத்தான் போட்டனான்."

"எந்தச் சுருள்?"

"ஆரோ ஏற்கெனவே படம் எடுத்து முடிச்ச சுருள்! அதுக்கு மேலயே நானும் எடுத்திருக்கிறன். அதுதான் ரெண்டும் கலந்து வந்திருக்கு." அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பேயுமில்லை, பிசாசுமில்லை. மன்னாரில எப்பவோ எடுத்த படம். இதுக்குப்போய் நடுங்கினம்!"

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். "தாங்கோ. எரிச்சுப்போடுவம்."

"ஏன்? அந்த மனுசன்ர கடைசிப் படமா இருக்கும்."

"தாங்கோ எண்டு சொல்லுறன்."

கொடுக்குமுன் டெஸ்மன் இன்னொருமுறை பார்த்தான். பயம் போன கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அங்கி என்று நினைத்தது மழைக்கோட்டு. பற்றிக்கின் தலைக்குப் பின்னால், மடத்தின் கல் வளைவுகளுக்கு மேலாக, ஒரு பெரிய இரும்பு வளைவு மங்கலாக எழுந்து நின்றது: ஆல்பனிக்கு வேலைக்குப் போகையில் தினமும் அவன் கடக்கிற ஒக்லாந்து துறைமுகப் பாலம்.