ஏழாவது துண்டு

“குத்தம் என்னோடது சார். கருத்தப்பாண்டிய விட்டுடுங்க.”

பாஸ்கல் இதைச் சொல்லி முடித்தபோது மானேஜர் அறைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எழுபத்துநாலாம் வருஷத்து ஆடி மழை.

ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை ஃபேக்டரியில் படம் வரைகிறவர் பாஸ்கல். இலை உலர்த்தும் டிரையருக்குச் சூட்டுக்காற்றைக் கொண்டுபோகும் புதுத் தகரக் குழாய் முழுவதும் அவர் வரைந்தது. மொத்தம் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் விரித்தால் எப்படி இருக்குமோ அப்படியே காகிதத்தில் போட்டுக் கொடுப்பார். தகர வேலை செய்யும் கருத்தப்பாண்டி அதை வெட்டி, வளைத்து, மடிப்பு வைத்துச் சேர்த்து மேலே மாட்டுவார்.

வெள்ளோட்டம் விட்ட அன்று, வளைவில் இருந்த ஏழாவது துண்டு கருத்தப்பாண்டியின் தலையிலேயே வந்து விழுந்தது. நாலு நாளாக எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். குடித்துவிட்டு வேலை பார்த்தான் என்று எழுதி, அவர் குடும்பத்தை எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டிலிருந்து கிளப்பப் பார்த்தார்கள்.

விழுந்த துண்டை அன்று சாயங்காலமே அள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். அதனால் பாஸ்கல் தன் படத்தைத்தான் எடுத்துப் பார்த்தார். மடிப்புக்காகக் கூடுதலாக வைக்கவேண்டிய அரை அங்குலம் அந்த ஒரு துண்டில் மட்டும் விட்டுப்போயிருந்தது. மடிப்பு பிரிந்துதான் துண்டு விழுந்திருக்கிறது என்று நினைத்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நீட்டிய படத்தை மலையாளி மானேஜர் ஏறிட்டும் பார்க்கவில்லை. “மதி, பாஸ்கல். இவ்வளவு போதும். எழுதி ஒப்புப் போட்டுட்டுப் போ. நாளையிலிருந்து வரவேண்டாம். பாண்டி வீட்டை யாரும் தொட மாட்டாங்க.”

“அப்ப டிரையர்?”

“அந்தத் துண்டை மட்டும் வேற ஆளை வச்சுப் புதுசா மாட்டியாச்சு. ரெண்டு மணிக்கு ஓடும்.”

பாஸ்கல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷ வேலை போய்விட்டது. ஆனாலும் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. குடையைக்கூட விரிக்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

தலைக்கட்டோடு படுத்திருந்த கருத்தப்பாண்டி அவரைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

“பாண்டியண்ணே! எப்ப முழிச்சீங்க? முத்துப்பேச்சி எங்க?”

“காலையிலதான் சார். எம் பொண்டாட்டி இப்பத்தான் போறா. டிரையர்ல, அந்தக் குழாய்க்குக் கீழ தூள் அள்ள ஆளு வேணும்னு கூப்பிட்டு விட்டாகளாம்.”

பாஸ்கல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இனி உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஏழாவது துண்டுல அரை இஞ்ச் விட்டுப்போச்சு, தப்பு என்னோடதுதான்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

கருத்தப்பாண்டியின் முகம் மாறியது.

“ஐயோ, ஏன் சார் அப்படி எழுதுனீக? வெட்டும்போதே பாத்துட்டேன். அரை இஞ்ச் சேத்துத்தான் வெட்டுனேன். மடிப்பு பிரியவே இல்ல.”

“அப்ப எப்படி விழுந்துச்சு?”

“தொங்கவிட்ட கம்பி அறுந்துபோச்சு. துருவேறுன பழைய கம்பி. மாத்துங்கன்னு மானேஜர்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன், கேக்கல.”

ஃபேக்டரியில் இரண்டு மணிச் சங்கு ஊதியது.

“மொத்தக் குழாயும் அதே பழைய கம்பியிலதான் தொங்குது சார்!”