புள்ளி அளவு அப்பா

படத்திலிருந்த நீலக் கடலுக்கு அப்பால், வெறும் வெள்ளைத்தாளில் ஒரு பென்சில் புள்ளி இருந்தது. கணக்கு டீச்சர் அதை ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டார்.

சாயங்காலம் பெற்றோர்கள் வருகிறார்கள். சுவரில் ஒட்டப்போகும் படங்களிலேயே இதுதான் அழகு. ஒரு அழுக்குப் பொட்டு அதைக் கெடுக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

வகுப்பே ‘மௌனச்சாமியார்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்த சிறுமி வாய் திறந்தாள்.

“டீச்சர், எங்க அப்பாவை அழிச்சிட்டீங்க!”

இந்தப் பள்ளிக்கு வந்த பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. கூடவே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“ஐயய்யோ, ஆளையே காலி பண்ணிட்டாங்கடா!” என்றது கடைசி பெஞ்சு.



எல்லாம் டீச்சர் வைத்த வினைதான். போன வாரம் விகிதத்தை ஓவியத்தில் காட்டும் ஆசையில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், வாட்ச்மேனைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், நீட்டிய கட்டைவிரல் உயரமிருந்த மனிதர் நகமளவானார். தூரம் இரண்டு மடங்கானால் உருவம் பாதி என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்.

நேற்று, குடும்பத்தை வரையச் சொன்னார்.

அம்மாவும் தம்பியும் தாளை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கப்பலில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு மட்டும் சிறுமி கணக்குப் போட்டிருக்கிறாள். பாதி. பாதியில் பாதி. அதிலும் பாதி. பென்சில் முனைக்குக் கீழே போக வழியில்லாமல் அங்கே நிறுத்தியிருக்கிறாள். விசும்பலுக்கு நடுவே இதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

டீச்சர் பென்சிலை ஊசிபோலச் சீவினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழித்த அதே இடத்தில் அப்பாவைத் திரும்ப வைத்தார்.

சிறுமி தாளைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அளந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

ரப்பருக்குக் கை நீட்டினாள்.

டீச்சர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

அவளே புள்ளியை அழித்தாள். கடலுக்கு இந்தப் பக்கம், நகமளவில் ஒரு ஆளை வரைந்தாள். கையில் ஒரு பெட்டி.

“அது நேத்து. இன்னிக்குக் காலைல அப்பா கப்பல்லேருந்து இறங்கி ரயில் ஏறிட்டாரு. இப்பவே ஒட்டிடாதீங்க டீச்சர், சாயங்காலத்துக்குள்ள இன்னும் பெருசாயிடுவாரு.”