மூன்று நிமிட நத்தை

மழை விட்ட சாயங்காலம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து வீட்டு ஜன்னலோரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து விஷ்ணுப்ரியா ஆன்லைனில் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள். பாடம், மந்தத்தைச் சொல்லும் ஆங்கில வழக்குகள். மந்தமான ஆளை 'ஸ்லோ கோச்' என்பது குதிரை வண்டிக் காலத்துப் பேச்சு என்று சொல்லி முடித்தாயிற்று. அடுத்தது 'ஸ்நெயில்ஸ் பேஸ்', நத்தை வேகம். திரையில் கோமதிநாயகம், தம்பானூரில் ஒரு ஹோட்டல் சப்ளையர். துபாய் வேலைக்கு நாளை இன்டர்வியூ. அவருக்குத் திக்குவாய். "நானே சொல்லி முடிக்கேன் மேடம், எனக்காக நீங்க சொல்லிராதீங்க" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டவர். இருபது வகுப்புகளாக அவளும் காத்திருந்துதான் வருகிறாள். "ஸ்... ஸ்..." தாடை நடுங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. திரையின் மூலையில், வகுப்பு நடத்தும் கம்பெனியின் மெசேஜ் சிவப்பாக வந்து நிற்கிறது: ஒரு ஸ்லைடுக்கு மூன்று நிமிடம்தான், இன்னொரு முறை தாமதமானால் உங்கள் வகுப்புகள் வேறு ஆளுக்குப் போகும். வெளியே மதிலில் ஊரும் ஆப்பிரிக்க நத்தைகள்மேல் அம்மா உப்புத் தூவுகிறாள். "எத்தனை போட்டாலும் வந்துண்டே இருக்குடி." உப்புப் பட்டது நுரை கக்கி ஓட்டுக்குள் சுருங்குகிறது. "ஸ்... ஸ்நெ..." சிவப்பு மெசேஜ் துடிக்கிறது. "ஸ்நெயில்ஸ் பேஸ்" என்று விஷ்ணுப்ரியா சொல்லிவிடுகிறாள். அவர் வாய் திறந்தபடி நிற்கிறது. பிறகு மெல்ல மூடிக்கொள்கிறது. தலையை மட்டும் ஆட்டுகிறார். பச்சை டிக் விழுகிறது, அடுத்த ஸ்லைடு வருகிறது. "படிங்க சார்" என்கிறாள். அவர் வாயைத் திறக்கவில்லை.